சிவக்காத பால்

எழுபதுகளின் கடைசியில் தில்லியில் ஓர் அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். பாலைச் சோதிக்கும் வேலை. நாங்கள் குடியிருந்த கிட்வாய் நகரில் யாரிடமாவது சொன்னால், "தண்ணி கலந்திருக்கான்னு பாப்பீங்களா?" என்று கேட்பார்கள். அதைப் பார்ப்பதற்குக் கீழ்த்தளத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் பார்த்தது, பாலில் பென்சிலின் இருக்கிறதா என்று. அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். "பால்ல போயி யாருங்க பென்சிலினைக் கலப்பாங்க?" யாரும் கலப்பதில்லை. எருமைக்கு மடி வீங்கினால் பென்சிலின் ஊசி போடுகிறார்கள். காம்புக்குள்ளேயும் மருந்தை ஏற்றுகிறார்கள். அது நாலைந்து நாளைக்குப் பாலோடு இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாலை ஒதுக்க வேண்டும், ஆனால் யாரும் ஒதுக்குவதில்லை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர்கள் அதைக் குடித்தால் தடித்துப்போவார்கள், சிலருக்கு மூச்சே முட்டும். இவ்வளவையும் நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் காய்கறி வண்டிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். கொஞ்ச வருஷத்தில் நானும், "ஆமாங்க, தண்ணிதான் பாக்கறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

சோதனை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாலைச் சுடவைத்து ஆற்றி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, தயிரை உறைய வைக்கிற வகைக் கிருமியை அதில் கொஞ்சம் விடுவோம். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் குழாய்களை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். பிறகு நிறமில்லாத ஒரு மருந்துநீரைச் சில சொட்டு விடுவோம். கிருமி உயிரோடு பெருகிக்கொண்டிருந்தால் அது அந்த மருந்தைச் சிவப்பாக்கிவிடும். பால் முழுதும் ரோஜா நிறம் ஏறும். பென்சிலின் இருக்கிற பாலில் கிருமி முடங்கிப்போகும். அந்தப் பால் வெள்ளையாகவே நிற்கும். சிவந்தால் நல்ல பால், சிவக்காவிட்டால் சந்தேகப் பால்.

சிரமமெல்லாம் அந்தக் கிருமியைக் காப்பாற்றுவதில்தான். தினமும் அதைப் புதுப் பாலுக்கு மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று அதற்குத் தெரியாது. மகளையும் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலை பஸ் பிடித்துப் போவேன். அவள் புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்பு. ஆய்வக முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, "அம்மா, ஜல்தி பண்ணும்மா, போர் அடிக்குது" என்று நச்சரிப்பாள். கோடையில் கரண்ட் போய்விட்டால் தண்ணீர்த் தொட்டி ஆறிவிடும், அன்றைய சோதனை வீண். மறுபடி முதலிலிருந்து. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கால்வலிதான்.

ஒரு மே மாதம், நகரத்துக்குப் பால் அனுப்பும் பெரிய பால் நிலையம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. அவர்கள் தொட்டி தொட்டியாக உறை ஊற்றும் தயிர், சில நாட்களில் உறையவே மாட்டேன் என்கிறதாம். கிராமத்துச் சேகரிப்பு மையம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீசா பால் எடுத்து எங்களிடம் அனுப்பிவைத்தார்கள். நான் சோதனை போட்டேன். ஒரு குழாய்கூடச் சிவக்கவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. நல்ல பால் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை ஒப்பீட்டுக்காகத் தனியே இரண்டு குழாய்களில் எப்போதும் வைப்பேன், அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அவை மட்டும் அழகாகச் சிவந்து நின்றன. அதனால் கிருமியையோ மருந்தையோ குறை சொல்ல வழியில்லை.

எங்கள் அதிகாரி லக்னோ பக்கத்துக்காரர். ஓய்வு பெற இன்னும் சில வருஷம்தான். மரியாதையான மனிதர். பத்திரிகைக்காரர்களையும் தணிக்கைக்காரர்களையும் தவிர யாருக்கும் பயப்படமாட்டார். அவர் அறையில் வெட்டிவேர்த் தட்டி போட்ட கூலர் ஓடும். போய் நின்றேன்.

"எல்லாமேவா, மேடம்?"

"எல்லாமே, சார்."

"உங்க கண்ட்ரோல்?"

"அது சிவந்திருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அச்சா. அப்ப தில்லி மொத்தமும் பென்சிலின் குடிச்சிட்டிருக்கு." சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. மேலிடத்துக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று கை டெலிபோன் பக்கம் போய்ப்போய்த் திரும்பியது.

"ஒரு நாள் பொறுங்க, சார். நாளைக்கு இன்னொரு விதமா பாத்துட்டுச் சொல்றேன்."

எங்களிடம் ஒரு நொதி இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சின்னக் குப்பி. பென்சிலினை மட்டும் சிதைத்துவிடும், வேறு எதையும் தொடாது. கஞ்சப்பேர்வழியைப் போல அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் எடுப்பேன். மறுநாள் ஒவ்வொரு பாலையும் இரண்டு குழாயில் ஊற்றி, ஒன்றில் மட்டும் நொதியை விட்டேன். பால் வெள்ளையாக நிற்பதற்குப் பென்சிலின்தான் காரணம் என்றால் நொதி விட்ட குழாய் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. இரண்டும் வெள்ளை. எல்லா ஜோடியும் வெள்ளை.

அப்படியானால் கிருமியைக் கொல்வது வேறு ஏதோ ஒன்று. தில்லியைச் சுற்றியுள்ள எல்லாக் கிராமத்துப் பாலிலும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்த ஒன்று. முக்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். ஒப்பீட்டுக்கு வைக்கும் அந்த இரண்டு குழாய்களையும் நான் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை, என் கையாலேயே கழுவிக் காயவைப்பேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வந்த பழக்கம். சட்டென்று எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பொதுக் குழாயை எடுத்தேன். சுத்தத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினேன். நுரை எழுந்து அப்படியே நின்றது.

குழாய் கழுவுபவர் கட்வால் மலைப்பக்கத்து ஆள். என்னைவிட வயதில் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். இந்தியில் அண்ணன் என்ற பொருளில் நான் அவரைப் 'பையா' என்பேன், அவர் என்னை அக்கா என்ற பொருளில் 'தீதி' என்பார். கழுவும் அறையில் புது அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. பழைய சோப்புக் கரைசல் தீர்ந்து ஸ்டோரிலிருந்து புதிதாகத் தூள் வாங்கிப் போட்டிருந்தார்கள். எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. கிருமி வாழ வேண்டிய குழாய்களை அதில்தான் கழுவிக்கொண்டிருந்தோம்.

"பையா, சோப்பு போட்டப்புறம் எத்தனை தண்ணி அலசறீங்க?"

"தண்ணி எங்க இருக்கு, தீதி? குழாய்த் தண்ணி காலையிலயே நின்னுபோகுது. ஒரு பக்கெட்தான். அதுல முக்கி எடுக்கறேன்." பக்கெட்டைக் காட்டினார். தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது. "முன்னெல்லாம் எத்தனை அலசு அலசுவேன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். அந்தக் கோடையில் எங்கள் வீட்டிலேயே காலையில் பிடித்துவைத்த தண்ணீரில்தான் ராத்திரிவரை ஓட்டினோம். அவரைச் சொல்லி என்ன பயன்? ஜாடிகளில் சேர்த்துவைத்திருந்த காய்ச்சி வடித்த தண்ணீர் முழுவதையும் கழுவும் அறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். இருவருமாகக் குழாய்களைத் திரும்பத் திரும்ப அலசினோம். குலுக்கினால் நுரை வராமல் போகும்வரை விடவில்லை.

மறுநாள் குளிர்பெட்டியிலிருந்த அதே பால்களை மறுபடி போட்டேன். தொட்டிக்குள் குனிந்து பார்த்தால் வரிசையாகச் சிவப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். மறுபடி குனிந்து பார்த்தேன். வரிசையின் நடுவில் ஒன்று மட்டும் வெள்ளை. பக்கத்தில் நின்ற அதன் ஜோடி, நொதி விட்டது, நன்றாகச் சிவந்திருந்தது. அது பென்சிலின்தான். சந்தேகமே இல்லை.

உண்மையைச் சொன்னால் அந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வரவில்லை. அதுவும் சிவந்து தொலைத்திருந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

அதிகாரி சோப்பு விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். நாற்காலியில் சாய்ந்து, "சோப்பு! கடவுளே, வெறும் சோப்பு!" என்றார். கழுவுகிறவருக்கு மெமோ கொடுக்க வேண்டும், பால் நிலையத்துக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுத வேண்டும் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார்.

"எல்லாம் சரியா இல்ல, சார். ஒண்ணுல பென்சிலின் இருக்கு."

"அதுலயும் சோப்புத்தான் இருந்திருக்கும்."

"நொதி விட்டதும் சிவந்திருக்கு, சார். அந்த நொதி சோப்பை ஒண்ணும் பண்ணாது."

அவர் சிரிப்பு அடங்கியது. "மேடம், உட்காருங்க. தண்ணி கலந்தா அதுக்கு விதி இருக்கு. மாவு கலந்தா விதி இருக்கு. பால்ல பென்சிலின் எவ்வளவு இருந்தா குத்தம்னு நம்ம புஸ்தகத்துல எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்ல, சார்."

"அப்ப எந்த விதியில நான் எழுதறது?"

 பேனாவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டார். கடைசியில் அவரே சொன்னார்: "பால் நிலையத்து வண்டி அந்தப் பக்கம் தினமும் போகுது. வேணும்னா ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வாங்க. ஆபீஸ் அனுப்பினதா இருக்க வேண்டாம்." மெமோவைப் பற்றி நான் பேச வாயெடுத்தேன். தண்ணீர் வராததுதான் காரணம் என்றேன். "அது வேற விஷயம்" என்று பேனாவை மூடிவிட்டார்.

அன்று சாயங்காலம் கரண்ட் இல்லாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது என் கணவரிடம் சொன்னேன். அவர் செயலகத்தில் குமாஸ்தா. எதையும் கோப்பாகப் பார்த்தே பழகியவர்.

"உனக்கெதுக்கு புள்ள இந்த வம்பெல்லாம்? மேல எழுதிப் போட்டாச்சில்ல, அத்தோட உட்டுரு."

"எழுதவே இல்லீங்க. அதான் வம்பே."

அவர் விசிறியை என் பக்கம் திருப்பி வீசினார். 

அந்தப் பால் வந்த கிராமம் நஜஃப்கர் தாண்டி இருந்தது. பால் வண்டியின் முன்சீட்டில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் கேன்கள் பின்னால் முட்டி மோதிக்கொண்டே வந்தன. சேகரிப்பு மையம் என்பது ஒரு தகரக் கொட்டகை. அங்கே பால் அளப்பவரிடம், யார் வீட்டு எருமைக்காவது ஊசி போடுகிறார்களா என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை. குளத்தை ஒட்டிய ஒரு வீட்டைக் கை காட்டினார்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். கணவன் லாரி ஓட்டுகிறவனாம், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. தில்லியிலிருந்து பால் விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் கையைக் கழுவிக்கொண்டு கட்டிலைப் போட்டாள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே ஒரு பெரிய பித்தளை டம்ளர் நிறையப் பாலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

வாங்கினேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தையும் டம்ளரையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பயப்படாதீங்க, பெஹன்ஜி. இது நல்ல எருமைப் பால். சீக்கு எருமைப் பாலை நாங்க வீட்டுக்கு வெச்சுக்கறதில்ல. அது செண்டருக்குப் போயிடும்."

"ஏன் வீட்டுக்கு வெச்சுக்கறதில்ல?"

"அதுல தயிர் எங்க உறையுது? ராத்திரி உறை ஊத்தினா காலையிலயும் பாலாவே இருக்கு. தயிர் இல்லாம மோர் எப்படி, வெண்ணெய் எப்படி? அதான் வித்துடறோம்."

ஒளிக்க வேண்டிய விஷயமாக அவளுக்கு அது படவே இல்லை. ஒரு வாரமாக நானும் அதிகாரியும் பால் நிலையத்துக்காரர்களும் தலையைப் பிய்த்துக்கொண்டது அவளுக்கு வெறும் சமையலறைச் சங்கதி. நான் மெதுவாகச் சொன்னேன். தயிர் உறையாததற்கு எருமைக்குப் போட்ட மருந்துதான் காரணம். அது பாலில் இருக்கிறது. ஊரில் எங்கேயோ ஒரு பிள்ளை குடிக்கும், அதற்கு ஆகாமல்போகலாம்.

அவள் சிரிப்பு நின்றது. "டாக்டர் ஒண்ணும் சொல்லலியே. ஊசி போட்டாரு, போயிட்டாரு."

"கடைசி ஊசிக்கப்புறம் நாலஞ்சு நாளைக்கு அந்தப் பாலை விக்கக்கூடாது."

"விக்காம?"

"கொட்டிடணும்."

"பாலைக் கொட்டறதா?" என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "என் மாமியார் என்னையே தூக்கி வெளிய கொட்டிடுவாங்க."

உள்ளேயிருந்து, யார் வந்திருப்பதென்று மாமியார் அதட்டும் குரல் வந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எருமையைப் பார்த்தாள். அதன் மடி ஒரு பக்கம் வீங்கியிருந்தது, தொட்டால் உதைத்தது. அந்த ஒரு காம்பு கெட்டுப்போனால் எருமையின் விலை பாதியாகிவிடும் என்றாள். நான் அவளைத் திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. அந்த வெயிலில் இரண்டுக்குமே எனக்குத் தெம்பு இல்லை. கையிலிருந்த பாலைக் குடித்தேன். நல்ல பால்தான்.

திரும்பும்போது மையத்தில் பால் அளப்பவரிடம் ஒரு வழி சொல்லிவிட்டு வந்தேன். எந்த வீட்டில் ஊசி போட்டாலும் அந்தப் பாலைக் கேனில் ஊற்றாமல், ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் உறை ஊற்றி வைக்கச் சொல்லுங்கள். உறைந்த பிறகு வாங்குங்கள். எங்கள் சோதனையும் அடிப்படையில் அதுதான், நாங்கள் நிறம் காட்டி நேரத்தைக் குறைக்கிறோம், அவ்வளவே. அவர் தலையை ஆட்டினார். செய்வார் என்று நான் நம்பவில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பினால் கழுவுகிறவர் கையில் மெமோ இருந்தது. அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை என்னையே படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"போயிச் சொல்றதுக்கு முன்னால ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம், தீதி. சாஹிப்கிட்ட நேரா போயிட்டீங்க."

தண்ணீர் வராத விஷயத்தையும் சொன்னேன் என்று நான் விளக்கப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. தண்ணீர் இல்லாததுதான் காரணம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மெமோவைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் மேற்கொண்டு நடவடிக்கையும் இல்லை. அந்தக் கோடை முடிந்து மழை வந்த பிறகும் அவர் என்னிடம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. குழாய்கள் மட்டும் பளபளவென்று வந்தன.

கிராமத்தில் நான் சொன்ன கிண்ண யோசனை எப்படியோ அதிகாரி காதுக்கும் எட்டியது. கூப்பிட்டு, அங்கீகாரம் இல்லாத முறையைச் சொல்லித்தர எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. நானும் எதிர்த்துப் பேசவில்லை. விதி வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பலாமே என்று மட்டும் கேட்டேன். அனுப்பினார், அதைச் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை. நினைவூட்டி மறுபடி அனுப்பினார். பிறகு அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

அந்தக் கோடையை அடுத்து வந்த குளிர்காலத்தில் ஒரு காலை, பால் வண்டி ஓட்டுநர் மாடியேறி வந்தார். கம்பளிக்குள்ளிருந்து ஒரு இருமல் மருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பால்.

"குளத்தோர வீட்டுக்காரி குடுத்தனுப்பினா. எருமைக்கு மறுபடி மடி வீங்கிப்போச்சாம். ஊசி நின்னு மூணு நாளாச்சாம். இப்ப விக்கலாமான்னு உங்ககிட்ட கேட்டு வரச் சொன்னா."

"மூணு நாளும் பாலை என்ன பண்ணினா?"

"கொட்டினாளாம். மாமியார் தெரு முழுக்கக் கேக்கற மாதிரி கத்திருக்கா." அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

 கடைசி வரிசையில் ஒரு குழாயைச் சேர்த்துக்கொண்டேன். பதிவு எதுவும் செய்யவில்லை. மத்தியானம் பார்த்தபோது வெள்ளையாகவே இருந்தது. இன்னும் இரண்டு நாள் பொறுத்து மறுபடி அனுப்பச் சொல், பாட்டிலைக் கொதிநீரில் அலசிவிட்டு அனுப்பச் சொல் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேன். அனுப்பினாள். இந்த முறை சிவந்தது. கழுவுகிறவர் எட்டிப் பார்த்து, "இது எந்தப் பால், தீதி? நம்பரே இல்லையே?" என்றார். சொன்னேன். அவர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா ஏறியிருக்கு" என்றார். வெகு நாளுக்குப் பிறகு அவர் தானாகப் பேசிய பேச்சு அது.

"விக்கலாம்னு சொல்லுங்க" என்று ஓட்டுநரிடம் சொல்லியனுப்பினேன்.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு முறை பாட்டில் வந்தது. அந்த ஊரில் வேறு யாரும் அனுப்பவில்லை. மையத்தில் கிண்ணம் வைத்துப் பார்க்கும் வழக்கம் சில மாதம் நடந்து, பால் அளப்பவர் மாறியதும் நின்றுபோனதாக ஓட்டுநர் சொன்னார். மற்றக் கிராமங்களிலிருந்து வெள்ளைக் குழாய் எப்போதாவது வரும். நாங்கள் பால் நிலையத்துக்குத் தெரிவிப்போம், அவர்கள் அந்த மையத்துப் பாலைத் தயிருக்கு எடுக்காமல் பாட்டிலில் அடைத்து விற்கத் திருப்பிவிடுவார்கள். பாட்டில் பால் உறைய வேண்டியதில்லையே. அந்தப் பாலைத்தான் மறுநாள் விடியற்காலையில் கிட்வாய் நகர் பால் பூத்தில் வரிசையில் நின்று நானும் வாங்கிவந்து, காய்ச்சி, மகளுக்கு ஆற்றிக் கொடுத்தேன். வேறு பால் எங்கே போய் வாங்குவது?

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. தண்ணீரைச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவில் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டியதில்லை. அதே சமயத்தில் பால் வண்டி ஓட்டுநரையும் வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் இடத்துக்கு வந்த பெண்ணிடம், குளத்தோர வீட்டிலிருந்து இருமல் மருந்து பாட்டிலில் பால் வந்தால் வாங்கிச் சோதித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவள் சரி என்றாள். சில மாதம் கழித்து வராந்தாவில் பார்த்தபோது வந்ததா என்று விசாரித்தேன். எதுவும் வரவில்லை என்றாள்.